கண்ணாடிக்கு 'பை பை' சொல்லலாமா? லேசர் கண் சிகிச்சையில் புதுசு என்ன, சிக்கல் என்ன?

சிங்கப்பூர் இளையர்களில் 10 பேரை வரிசையாக நிறுத்தினால், அவர்களில் சுமார் 8 பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும். தொடக்கநிலை 6 முடிப்பதற்குள்ளேயே ஏறக்குறைய 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு அது வந்துவிடுகிறது.

அதனால்தான் 20 வயதைத் தாண்டியதும் நண்பர்கள் வட்டத்தில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். "நீ லேசிக் பண்ணிட்டியா? நான் பண்ணலாமா?"

சிலர் மறுநாளே கண்ணாடி இல்லாமல் பேருந்து எண்ணைப் படிப்பார்கள். சிலரிடம், "உங்க கண்ணுக்கு இது சரிவராது" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிடுவார். இன்னும் சிலர் சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்தும் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? இப்போது என்னென்ன முறைகள் இருக்கின்றன? கையெழுத்துப் போடுவதற்கு முன்பு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கிட்டப்பார்வைன்னா கண்ணுக்குள்ள என்ன நடக்குது?

கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதிக்குக் கருவிழிப்படலம் என்று பெயர். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அதுவே செய்கிறது. மீதியைக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பார்த்துக்கொள்கிறது.

குவிந்த ஒளி கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையில் சரியாக விழுந்தால் பார்வை தெளிவாக இருக்கும்.

கிட்டப்பார்வை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கண் கொஞ்சம் நீளமாக வளர்ந்திருக்கும். பெரியவர்களின் கண் வழக்கமாகச் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அது 1 மில்லிமீட்டர் கூடினாலே கிட்டத்தட்ட 250 முதல் 300 டிகிரி கிட்டப்பார்வை வந்துவிடும். ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுவதால் தூரத்தில் இருப்பவை மங்கலாகத் தெரிகின்றன.

நாம் பேச்சில் சொல்லும் '100 டிகிரி' என்பது மருத்துவர்கள் சொல்லும் 1 டயாப்டர். 500 டிகிரி என்றால் 5 டயாப்டர்.

கண்ணின் நீளத்தைக் குறைக்க முடியாது. ஆனால் முன்பக்கக் கருவிழிப்படலத்தின் வளைவைக் குறைக்கலாம். அதைத் தட்டையாக்கினால் ஒளி கொஞ்சம் பின்னால் போய் விழித்திரையில் விழும். லேசர் செய்வது அதைத்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லேசர் மாற்றுவது கண்ணின் முன்பக்கத்தை மட்டுமே. நீண்டுபோன பின்பக்கம் அப்படியே இருக்கும். அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வான்கோழி எலும்பில் தொடங்கிய கதை

கருவிழிப்படலத்தின் வடிவத்தை மாற்றிப் பார்வையைத் திருத்தலாம் என்ற எண்ணம் லேசருக்கு முந்தியது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பணியாற்றிய ஹோசே இக்னாசியோ பாராக்கர் என்ற மருத்துவர், 1940களின் இறுதியிலேயே அந்த வழியில் இறங்கினார். கருவிழிப்படலத்தின் மேல் அடுக்கைச் சீவி எடுத்து, உறையவைத்து, கடைந்து, மீண்டும் கண்ணில் வைத்துத் தைப்பது அவருடைய முறை.

1970களில் சோவியத் மருத்துவர் ஸ்வியாத்தஸ்லாவ் ஃபியோதரோவ், கருவிழிப்படலத்தில் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலக் கத்தியால் கீறும் முறையைப் பிரபலப்படுத்தினார். அதில் பலருக்கு ஆண்டுகள் போகப் போகப் பார்வை மாறிக்கொண்டே இருந்தது.

திருப்பம் வந்தது 1981இல். அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ரங்கசாமி சீனிவாசன், ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய மூவர் 'எக்சைமர்' என்ற புற ஊதா லேசரை ஆராய்ந்துவந்தனர். நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை சீனிவாசன் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து, அதன் மேல் லேசரைப் பாய்ச்சினார்.

சுற்றியிருந்த திசு கருகவில்லை. ஓரங்கள் கத்தரித்ததுபோல் சுத்தமாக இருந்தன.

காரணம் இதுதான். 193 நேனோமீட்டர் அலைநீளம் கொண்ட அந்த லேசர், திசுவைச் சுட்டு எரிப்பதில்லை. மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் கட்டுகளை அறுத்து, மிக மெல்லிய அடுக்கை ஆவியாக்கிவிடுகிறது. ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன்தான் போகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

சீனிவாசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பின்னர் ஸ்டீஃபன் டிராக்கல் என்ற கண் மருத்துவருடன் இணைந்து அந்த லேசரைக் கருவிழிப்படலத்தில் பயன்படுத்தலாம் என்று 1983இல் காட்டினார். ஐபிஎம் மூவருக்கும் 2013இல் அப்போதைய அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை வழங்கினார்.

உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் செய்துகொள்ளும் ஒரு சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இப்போ என்னென்ன முறை இருக்கு?

கண் சிகிச்சை நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் 4 பெயர்கள் காதில் விழும்.

1. பிஆர்கே

இதுதான் மூத்த முறை. கருவிழிப்படலத்தின் மேல்தோலை நீக்கிவிட்டு, அதன்கீழ் உள்ள பகுதியை எக்சைமர் லேசரால் செதுக்குவார்கள். மேல்தோல் சில நாள்களில் மீண்டும் வளர்ந்துவிடும்.

முதல் 3 முதல் 5 நாள்கள் வலி, கண் கூச்சம், கண்ணீர் எல்லாம் இருக்கும். பாதுகாப்புக்காக ஒரு மென் லென்ஸ் வைத்து அனுப்புவார்கள். பார்வை முழுமையாகத் தெளிய சில வாரங்கள் ஆகலாம்.

பழைய முறை என்று ஒதுக்கிவிட முடியாது. கருவிழிப்படலம் மெல்லியதாக இருப்போருக்கும், முகத்தில் அடிபட வாய்ப்புள்ள விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கும் இன்றும் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

2. லேசிக்

கிரேக்க மருத்துவர் இயோனிஸ் பாலிக்காரிஸ் 1990ஆம் ஆண்டுவாக்கில் உருவாக்கிய முறை. கருவிழிப்படலத்தில் சுமார் 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் ஒரு மூடியை வெட்டி, புத்தகத்தின் பக்கம்போல் திருப்பிவைத்து, உள்ளே செதுக்கிவிட்டு மூடிவிடுவார்கள்.

மேல்தோல் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் வலி குறைவு. பலருக்கு மறுநாளே பார்வை தெளிவாகிவிடும்.

ஆரம்பத்தில் அந்த மூடியை நுண்ணிய கத்தியால் வெட்டினார்கள். 2000களில் 'ஃபெம்டோ நொடி' லேசர் வந்தது. அது நொடியைக் கோடி கோடியாகப் பிரித்தாற்போல் அவ்வளவு குறுகிய துடிப்புகளைப் பாய்ச்சும். அத்தகைய துடிப்புகளை உருவாக்கும் உத்தியைக் கண்டுபிடித்த ஜெரார்ட் மூரு, டோனா ஸ்ட்ரிக்லண்ட் ஆகியோருக்கு 2018இல் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது.

3. ஸ்மைல்

இதில் மூடியே கிடையாது. ஃபெம்டோ நொடி லேசர், கருவிழிப்படலத்தின் உள்ளேயே ஒரு மெல்லிய வில்லை வடிவத் துண்டைப் பிரித்துவைக்கும். மருத்துவர் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கீறல் வழியாக அதை உருவி எடுத்துவிடுவார்.

லேசிக் மூடிக்கு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் நீளத்திற்கு வெட்ட வேண்டியிருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது ரொம்பச் சின்னக் கீறல். மேற்பகுதி நரம்புகள் குறைவாகவே அறுபடும். பிற்காலத்தில் மூடி நகர்ந்துவிடுமோ என்ற பயமும் இல்லை.

ஜெர்மனியில் உருவான இந்த முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் ஒப்புதல் தந்தது. சிங்கப்பூரிலும் இது பல ஆண்டுகளாகச் செய்யப்படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பார்வை தெளிய லேசிக்கைவிட ஓரிரு நாள் கூடுதலாகப் பிடிக்கலாம். கொஞ்சம் டிகிரி மிஞ்சிவிட்டால் அதே முறையில் மறுபடி திருத்துவது சுலபமல்ல. பெரும்பாலும் பிஆர்கே போன்ற வேறு முறைக்குப் போக வேண்டியிருக்கும்.

4. ஐசிஎல்

இது லேசரே இல்லை. கண்ணுக்குள், இயற்கை லென்ஸுக்கு முன்னால், மெல்லிய செயற்கை லென்ஸ் ஒன்றை வைப்பார்கள். கான்டாக்ட் லென்ஸைக் கண்ணுக்கு உள்ளே போட்டதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிகிரி மிக அதிகமாக இருப்போருக்கும், கருவிழிப்படலம் மெல்லியதாக இருப்போருக்கும் இது ஒரு நல்ல வழி. தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடலாம்.

ஆனால் இது கண்ணுக்கு உள்ளே செய்யும் அறுவை சிகிச்சை. கிருமித்தொற்று, கண் அழுத்தம் கூடுதல், கண்புரை சீக்கிரம் வருதல் போன்ற அபாயங்கள் உண்டு. இப்போது வரும் லென்ஸின் நடுவில் மிகச் சிறிய துளை இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியாக ஓடுவதால் அழுத்தப் பிரச்சினை பெருமளவு குறைந்திருக்கிறது.

"என் ஃப்ரெண்டுக்கு ஓகே, எனக்கு ஏன் ஓகே இல்ல?"

இதற்குப் பதில் கொஞ்சம் கூட்டல் கழித்தலில் இருக்கிறது.

கருவிழிப்படலத்தின் நடுப்பகுதி சராசரியாகச் சுமார் 540 மைக்ரான் தடிமன் இருக்கும். 100 டிகிரியைத் திருத்த ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் திசுவை எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மூடிக்குக் கீழே குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். 300 இருந்தால் இன்னும் நிம்மதி என்பார்கள் பல மருத்துவர்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

- 500 டிகிரி, 540 மைக்ரான் தடிமன்: மூடிக்கு 110, செதுக்க 70. மிச்சம் 360. பிரச்சினை இல்லை.

- 1,000 டிகிரி, அதே தடிமன்: மூடிக்கு 110, செதுக்க 140. மிச்சம் 290. யோசிக்க வேண்டிய நிலை.

- 1,000 டிகிரி, 490 மைக்ரான் தடிமன்: மூடிக்கு 110, செதுக்க 140. மிச்சம் 240. லேசிக் வேண்டாம்.

நண்பருக்கும் உங்களுக்கும் ஒரே டிகிரி இருந்தாலும் தடிமன் வேறாக இருந்தால் முடிவும் வேறாகும்.

தடிமன் மட்டுமே போதாது. கருவிழிப்படலத்தின் வடிவத்தையும் வரைபடம்போல் எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்குக் கருவிழிப்படலம் மெல்ல மெல்லக் கூம்பு வடிவத்துக்கு மாறும் நோய் இருக்கும். அதற்குக் 'கெரட்டோகோனஸ்' என்று பெயர். ஆரம்பக் கட்டத்தில் அந்த நபருக்கே அது தெரியாது. அப்படிப்பட்ட கண்ணில் லேசர் வைத்தால் ஏற்கெனவே பலவீனமான சுவரை இன்னும் மெல்லியதாக்கிவிடும்.

கண்ணை அடிக்கடி அழுத்தித் தேய்க்கும் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. ஒவ்வாமையால் கண் அரிக்கிறதா? தேய்க்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

யாரெல்லாம் காத்திருக்கணும்?

- 18 வயது நிரம்பாதவர்கள். 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதமும் கேட்பார்கள்.

- கடந்த ஓராண்டில் டிகிரி மாறிக்கொண்டே இருப்பவர்கள். கண் இன்னும் நீண்டுகொண்டிருந்தால், இன்று திருத்தினாலும் நாளை மறுபடி மங்கும்.

- கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள். ஹார்மோன் மாற்றத்தால் அளவுகள் மாறக்கூடும்.

- கண் வறட்சி கடுமையாக இருப்பவர்கள். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

- கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, சில வகை தன்தடுப்பு நோய்கள் உள்ளவர்கள்.

பரிசோதனைக்குப் போவதற்கு முன் கான்டாக்ட் லென்ஸ் போடுவதை நிறுத்தச் சொல்வார்கள். லென்ஸின் வகையைப் பொறுத்துச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். லென்ஸ் கருவிழிப்படலத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றிவைத்திருக்கும் என்பதே காரணம். "ஒரு நாள்தானே" என்று போட்டுக்கொண்டு போனால் அளவு தப்பாகிவிடும்.

சிகிச்சை நாளன்று எப்படி இருக்கும்?

மயக்க மருந்து கிடையாது. சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள். இமை மூடாமல் இருக்கச் சிறு கருவி ஒன்றை வைப்பார்கள். மேலே தெரியும் ஒளியைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும்.

லேசிக், ஸ்மைல் இரண்டிலும் கண்ணை அசையாமல் பிடித்துக்கொள்ள உறிஞ்சு வளையம் ஒன்று கண்ணைத் தொடும். அப்போது லேசான அழுத்தம் தெரியும். பார்வை சில நொடி மங்கலாம். எக்சைமர் லேசர் ஓடும்போது முடி கருகுவதுபோல் வாடை வரும். பயப்பட வேண்டாம், கண் எரியவில்லை.

லேசர் ஓடும் நேரம் நொடிக்கணக்கில்தான். ஸ்மைல் முறையின் புதிய இயந்திரங்கள் வில்லையைப் பிரிக்க 10 நொடிகூட எடுப்பதில்லை. முன்பு அது சுமார் 25 முதல் 30 நொடி. பதற்றத்தில் கண்ணை அசைத்துவிடுவோமோ என்று பயப்படுபவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

அன்று வண்டி ஓட்டக்கூடாது. கண்ணைத் தேய்க்கவே கூடாது. நீச்சல்குளத்தைச் சில வாரங்களுக்கு மறந்துவிடுங்கள்.

விளம்பரத்துல சொல்லாத பக்கம்

பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைக்கிறது என்பது உண்மை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மற்ற அமைப்புகளுடன் சேர்ந்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், லேசிக் செய்துகொண்டவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தங்கள் பார்வையில் திருப்தி அடைந்ததாகக் கூறினர்.

ஆனால் அதே ஆய்வில் இன்னும் சில எண்களும் உண்டு.

- சிகிச்சைக்கு முன் எந்தப் பார்வைத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 விழுக்காடு வரையிலானோருக்கு, 3 மாதம் கழித்து ஏதாவது ஒரு தொந்தரவு புதிதாக இருந்தது. விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது அதில் முதன்மையானது.

- கண் வறட்சியே இல்லாதவர்களில் 28 விழுக்காடு வரையிலானோருக்கு, 3 மாதம் கழித்து அதன் அறிகுறிகள் இருந்தன.

- பார்வைத் தொந்தரவால் அன்றாட வேலைகளைச் செய்ய மிகவும் சிரமப்பட்டவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

திருப்தியும் தொந்தரவும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன. "கண்ணாடி போச்சு, சந்தோஷம். ஆனா ராத்திரி வண்டி ஓட்டும்போது லைட் எல்லாம் பரவித் தெரியுது" என்று சொல்பவர்களும் அந்த 95 விழுக்காட்டுக்குள் இருப்பார்கள்.

வறட்சி ஏன் வருகிறது? உடலிலேயே நரம்புகள் மிக நெருக்கமாக அமைந்த பகுதிகளில் கருவிழிப்படலமும் ஒன்று. கண் காய்ந்துவிட்டது, கண்ணீர் தேவை என்ற தகவலை மூளைக்குச் சொல்வது அந்த நரம்புகள்தான். மூடி வெட்டும்போது அவை அறுபடுகின்றன. மீண்டும் வளரப் பல மாதங்கள் ஆகும். குளிர்சாதன அறையில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு அந்த மாதங்கள் சிரமமாக இருக்கலாம்.

அரிதான, ஆனால் கடுமையான பிரச்சினைகளும் உண்டு. பலவீனமான கருவிழிப்படலம் பிற்காலத்தில் புடைத்து முன்னால் தள்ளலாம். மிகச் சிலருக்கு நரம்புகள் சரியாக வளராமல் நாள்பட்ட கண் வலி தொடரலாம். பரிசோதனையில் கண் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் வலி உண்மையாக இருக்கும். அது மனநலத்தையும் பாதிக்கும்.

நோயாளிகளுக்கு அபாயங்களை எந்த அளவுக்கு விளக்க வேண்டும் என்பது குறித்து அமெரிக்காவில் 2022இல் வரைவு வழிகாட்டி ஒன்று வெளியானபோது, மருத்துவர்களுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இடையே பெரிய விவாதமே நடந்தது. ரொம்பப் பயமுறுத்துகிறது என்றது ஒரு தரப்பு. இது போதாது என்றது இன்னொரு தரப்பு.

லேசர் சரிசெய்யாத ஒன்று

முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். கண்ணின் பின்பக்கம்.

500, 600 டிகிரியைத் தாண்டினால் அது கடும் கிட்டப்பார்வை. கண் நீளும்போது விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. பலூனை ஊதும்போது அதன் தோல் மெலிவதைப்போல. விழித்திரை கிழிவது, விலகுவது, கண் அழுத்த நோய், பார்வை மையம் சேதமடைவது ஆகியவற்றின் ஆபத்து இவர்களுக்கு அதிகம்.

லேசர் சிகிச்சைக்குப் பின் கண்ணாடி தேவையில்லை. ஆனால் அந்த ஆபத்து துளியும் குறையவில்லை. "எனக்குத்தான் டிகிரி பூஜ்யமாச்சே" என்று கண் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுவதே பெரிய தவறு.

இந்த அறிகுறிகள் தென்பட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

- கண்ணில் திடீர் மின்னல் வெட்டுகள்
- கரும்புள்ளிகள் அல்லது நூல்கள் திடீரென நிறைய மிதப்பது
- பார்வையின் ஓரத்தில் திரை விழுந்ததுபோல் இருட்டு

விழித்திரை விலகலைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. லேசரால் கருவிழிப்படலம் மெலிந்த பிறகு, கண் அழுத்தத்தை அளக்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். வயதான பிறகு கண்புரை சிகிச்சை செய்யும்போது எந்தச் சக்தியுள்ள லென்ஸ் வைப்பது என்ற கணக்கும் சிக்கலாகும்.

அதனால் சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். 30 ஆண்டு கழித்து இன்னொரு மருத்துவருக்கு அது தேவைப்படும். புதிய மருத்துவரிடம் போகும்போதெல்லாம் "நான் லேசர் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள்.

40 வயசுல என்ன ஆகும்?

பலரும் யோசிக்காத கேள்வி இது. 40 வயதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகத் தொடங்கும். பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்க வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும். இது வெள்ளெழுத்து. எல்லாருக்கும் வரும். லேசர் செய்தவர், செய்யாதவர் என்ற பேதம் இல்லை.

மிதமான கிட்டப்பார்வை உள்ள ஒருவர் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாளிதழ் படிப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். லேசர் செய்துகொண்டவருக்கு அந்த வசதி இல்லை.

25 வயதில் செய்தால் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்ணாடி இல்லாமல் இருக்கலாம். 41 வயதில் செய்ய நினைத்தால் கணக்கு வேறு. அந்த வயதினருக்கு ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் திருத்தும் வழி இருக்கிறது. அது எல்லாருக்கும் பிடிப்பதில்லை. முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பழகிப் பார்ப்பது நல்லது.

அடுத்து என்ன வருது?

ஸ்மைல் சிகிச்சையில் உருவி எடுக்கும் வில்லைத் துண்டு வழக்கமாகக் குப்பைக்குப் போகும். அதைப் பதப்படுத்தி, இன்னொருவர் கண்ணில் வைக்க முடியுமா என்று சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் ஆராய்கிறார்கள். வெள்ளெழுத்துக்கும், கூம்பாக மாறும் கருவிழிப்படலத்துக்கும் அது உதவலாம் என்பது எதிர்பார்ப்பு. சென்னையைச் சேர்ந்த கண் மருத்துவர் சூசன் ஜேக்கப், அத்தகைய முறைகளில் முன்னோடிகளில் ஒருவராக அறியப்படுகிறார்.

கெரட்டோகோனஸ் நோய்க்கு முன்பு கருவிழிப்படல மாற்று சிகிச்சைதான் கடைசி வழியாக இருந்தது. இப்போது வைட்டமின் பி2 சொட்டு மருந்தையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துக் கருவிழிப்படலத்தை இறுக்கும் சிகிச்சை இருக்கிறது. பார்வையை அது முழுதாகத் திருப்பித் தராது. ஆனால் நோய் மோசமாவதைப் பலருக்கு நிறுத்துகிறது. அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம்.

யாருடைய கருவிழிப்படலம் பிற்காலத்தில் பலவீனமாகும் என்பதை முன்கூட்டியே கணிக்கச் செயற்கை நுண்ணறிவும் பயன்படத் தொடங்கியிருக்கிறது. அது வேண்டாத சிகிச்சையைத் தவிர்க்க உதவும்.

செலவு?

சிங்கப்பூரில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். முறைக்கு முறை, இடத்துக்கு இடம் மாறும். ஐசிஎல் பெரும்பாலும் அதிக விலை.

கண்ணாடியைத் தவிர்ப்பதற்காகச் செய்யும் சிகிச்சை என்பதால் பொதுவாக மெடிசேவ் பயன்படுத்த முடியாது. குறிப்பிட்ட மருத்துவக் காரணம் உள்ள சிலருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. விளம்பரத்தில் காணும் தொகையில் பரிசோதனை, மருந்து, பின்தொடர் சந்திப்பு, மறு திருத்தம் எல்லாம் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்

1. என் கருவிழிப்படலம் எத்தனை மைக்ரான்? சிகிச்சைக்குப் பின் எவ்வளவு மிஞ்சும்?
2. கெரட்டோகோனஸ் அறிகுறி எதுவும் இருக்கிறதா?
3. எனக்கு ஏற்கெனவே கண் வறட்சி இருக்கிறதா?
4. என் விழித்திரையைக் கண்பாவையை விரிக்கும் மருந்து விட்டுப் பரிசோதித்தீர்களா?
5. இந்த முறையை எனக்கு ஏன் பரிந்துரைக்கிறீர்கள்? மற்றவை ஏன் வேண்டாம்?
6. டிகிரி திரும்ப வந்தால் என்ன வழி?
7. சிகிச்சைக்குப் பின் என்னைப் பார்க்கப்போவது நீங்களா, வேறு யாராவதா?

"உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் மருத்துவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் ஒரு வாடிக்கையாளரை இழந்து உங்கள் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம்.

வீட்டில் தம்பி, தங்கை இருக்காங்களா?

2050க்குள் உலக மக்களில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கலாம் என்றும், 10இல் ஒருவருக்கு அது கடுமையாக இருக்கலாம் என்றும் 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. எவ்வளவு நல்ல லேசர் வந்தாலும் நீண்ட கண்ணைச் சுருக்க முடியாது. அதனால் நீளாமல் பார்த்துக்கொள்வதே மேல்.

அதில் சிங்கப்பூருக்குப் பெருமை உண்டு. குறைந்த அளவு 'அட்ரோப்பின்' சொட்டு மருந்து பிள்ளைகளின் கிட்டப்பார்வை வேகமாகக் கூடுவதைத் தடுக்க உதவும் என்பதை இங்கே நடந்த ஆய்வுகள் காட்டின. 0.01 விழுக்காட்டு அளவில் பக்கவிளைவு மிகக் குறைவு என்ற முடிவு 2012இல் வெளியானது. இன்று பல நாடுகளில் அந்த மருந்து பயன்படுகிறது. மருத்துவர் பரிந்துரை இல்லாமல் பயன்படுத்தக்கூடாது.

செலவே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் தினமும் சுமார் 2 மணி நேரம் வெளியில், பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். விளையாடணும்னு அவசியம் இல்லை, பூங்காவில் நடந்தாலும் போதும். ஆனால் அங்கேயும் கைத்தொலைபேசியை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது.

உங்களுக்கு 500 டிகிரிக்கு மேல் இருந்தால், லேசர் செய்தாலும் செய்யாவிட்டாலும், விழித்திரையைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதா? இந்த வாரமே சந்திப்புக்குப் பதிவுசெய்துவிடுங்கள்.